கல்லும் பல்லும் பார்த்து லீடர் கட்டுங்கள்

உவரிப் பக்கம் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவின் கருங்கல் மேல் நின்று வீசிக்கொண்டிருந்தேன். ரீலில் புதிதாகச் சுற்றிய பிரெய்டு, அதாவது பின்னல் நூல். மீனை ஏமாற்றும் செயற்கை இரையான லூரை அதிலேயே நேராகக் கட்டியிருந்தேன். ஐந்தாவது வீச்சோ ஆறாவது வீச்சோ, ஒரு பாறை மீன் அடித்தது. ராடு வளைந்தது, ரீல் கறகறவென்று நூலை விட்டது. மீன் நேரே கடலுக்கு ஓடாமல் கல்லின் அடிப்பக்கம் திரும்பியது. நூல் ஒரு கல்லின் விளிம்பைத் தொட்டது மட்டும் தெரிந்தது. அறுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, கை லேசாகிவிட்டது.

பக்கத்தில் கைத்தூண்டில் போட்டிருந்த பெரியவர் அறுந்த நுனியை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். "பஞ்சாட்டம்லா இருக்கு. இது கல்லுக்குத் தாங்குமாவே? முன்னால ரெண்டு பாகம் தங்கூசி போடும்" என்றார். பாகம் என்பது இரு கையையும் விரித்த அளவு.

அவர் தங்கூசி என்று சொன்னதைத்தான் இன்று கடையில் லீடர் என்று கேட்டு வாங்குகிறோம். பிரெய்டு நூலுக்கும் லூருக்கும் நடுவே வரும் வழவழப்பான ஒற்றை இழை நரம்பு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து இதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கட்டுவது என்பதில் நிறையப் பொழுது செலவழித்திருக்கிறேன். முக்கூடலில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கம்பியும் நூலும் இழுவையும்தான் நாள் முழுக்க என் கையில். அதனால் மீன் கிடைக்காத நாளில்கூட இந்த முடிச்சுகளைக் கட்டி அறுத்துப் பார்ப்பதில் எனக்கு அலுப்பு வந்ததில்லை.

நான் கண்டது ஒன்றுதான். மீன் எத்தனை கிலோ வரும் என்று யோசித்து லீடர் வாங்காதீர்கள். நூல் எதில் உரசப் போகிறது என்று பாருங்கள்: கல்லா, பல்லா, செவுள் மூடியா, மணலா, செடியா? அதை வைத்துத்தான் லீடரின் தடிமனும் வகையும் முடிவாக வேண்டும்.

பிரெய்டு ஏன் தனியாக நிற்காது

பிரெய்டு என்பது மிக மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளை நான்காகவோ எட்டாகவோ சேர்த்துப் பின்னியது. அதே தடிமனுள்ள நைலான் நரம்பைவிடப் பல மடங்கு பலம். இழுத்தால் நீளாது, அதனால்தான் தூரத்தில் மீன் முகர்ந்தால்கூட விரலுக்குத் தெரிகிறது. தண்ணீரில் மிதக்கும். இதெல்லாம் அதன் நல்ல பக்கம்.

அதன் குறையும் அதே இழைகளில்தான் இருக்கிறது. விறைப்பாக நிற்கும்போது கல்லிலோ சிப்பியிலோ உரசினால் மேலே இருக்கும் இழைகள் ஒவ்வொன்றாக அறும். பின்னலில் பாதி இழை போனாலே நூலின் பலமும் பாதியாகிவிடும். தடித்த நரம்பு அப்படியல்ல. மேலே சிராய்த்தாலும் உள்ளே சதை மிச்சமிருக்கும். இன்னொன்று சூடு. நம் பட்டறையில் சால்டரிங் அயர்னை ஒரு தடவை காட்டினால் போதும், பிரெய்டு சுருண்டு உருகிவிடும். முடிச்சை உலர்ந்தபடியே வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூடு நூலைக் கெடுக்கும். எந்த முடிச்சானாலும் எச்சில் தொட்டு நனைத்துத்தான் இறுக்க வேண்டும்.

அப்புறம், நீளாத நூல் என்பதால் மீன் திடீரென்று உதறும் உதறலைத் தாங்கிக்கொள்ள பிரெய்டில் இடமே இல்லை. நைலான் லீடர் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். தெளிந்த தண்ணீரில் பச்சையோ மஞ்சளோ ஆன பிரெய்டு பளிச்சென்று தெரியும் என்பதும் ஒரு காரணம். ஆனால் என் மனதில் முதலிடம் உரசலுக்குத்தான்.

எந்த இடத்துக்கு எது

தாமிரபரணியில் எங்கள் ஊர்ப் பக்கம் சிறிய ஸ்பின்னரோ (தகடு சுழலும் லூர்) சிறிய லூரோ போடுவதென்றால் 10 முதல் 15 பவுண்டு பிரெய்டு போதும். நூல் எவ்வளவு எடை தாங்கும் என்பதுதான் இந்தப் பவுண்டு எண். அதற்கு 15 முதல் 20 பவுண்டு லீடர். ஆற்றில் உருண்டு தேய்ந்த கல்தான் அதிகம், கடல் கல்போலக் கத்தி விளிம்பு இருக்காது. கார்த்திகையில் மழை பெய்து ஆறு செம்மண்ணாக ஓடும்போது மீனுக்கு நூல் தெரியுமோ என்ற கவலையே வேண்டாம், இன்னும் தடித்ததைக் கட்டலாம். கோடையில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்போது மெல்லிய லீடருக்கு இறங்குங்கள். பாபநாசம் கோயில் படித்துறை மீன்கள் மக்கள் பொரி போட்டு வளர்ப்பவை. அங்கே தூண்டிலை நினைக்கவே கூடாது. அதற்கு மேலே புலிகள் காப்பகம். கூந்தன்குளம் பறவைகளின் இடம். குத்தகைக் குளமானால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். இது எனக்கு முடிச்சைவிட முக்கியம்.

விராலுக்கு லீடரே வேண்டாம். அமலைச்செடியும் தாமரை இலையும் மூடிய குளத்தில் ரப்பர் தவளையை இழுக்கும்போது 40, 50 பவுண்டு பிரெய்டை நேராகத் தவளையில் கட்டுவதே நல்லது. விரால் அடித்ததும் செடிக்குள் புதையும். பிரெய்டு செடித் தண்டை அறுத்துக்கொண்டு வரும். நரம்பு அப்படி அறுக்காது, முடிச்சில் செடி சிக்கி மூட்டையாகச் சேரும். அங்கே கல் இல்லை, தண்ணீரும் கலங்கல், மீனும் கண் மூடி அடிக்கிற மீன். லீடருக்கு அங்கே வேலை இல்லை. எல்லா இடத்திலும் லீடர் போட்டே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை ஒரு நாள் விராலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

புன்னைக்காயல் பக்கம் ஆறு கடலில் சேரும் இடத்தில் கொடுவாவுக்கு நிற்கும்போது கணக்கு மாறும். கொடுவாவுக்கு அறுக்கிற பல் கிடையாது, வாய் அரம்போல இருக்கும். ஆனால் அதன் செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி. தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும்போது அந்த ஓரம் நூலில் படும். மீன் 3 கிலோதான் என்று 20 பவுண்டு லீடர் போட்டால் அந்த ஒரு உதறலில் போய்விடும். 20 அல்லது 30 பவுண்டு பிரெய்டுக்கு 40, 50 பவுண்டு லீடர் கட்டுங்கள்.

கடற்கரைக் கல்லில், அதாவது உவரி, இடிந்தகரை மாதிரி இடங்களில், நான் 30 அல்லது 40 பவுண்டு பிரெய்டும் 50, 60 பவுண்டு லீடரும் வைக்கிறேன். இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. லீடர் பிரெய்டைவிட மிகத் தடித்தால், லூர் கல்லிடுக்கில் மாட்டும்போது லீடர் அறாது. பிரெய்டு எங்காவது நடுவில் அறுந்து ஐம்பது மீட்டர் நூல் கடலுக்குள் கிடக்கும். அது ஆமைக்கும் பறவைக்கும் வினை, நமக்கும் நஷ்டம். அதனால் 20 பவுண்டு பிரெய்டில் 80 பவுண்டு லீடர் என்று கட்டாதீர்கள். பிரெய்டின் பலத்தைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள் நில்லுங்கள். மாட்டிய லூரை இழுக்கும்போது நூலைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள், சதையை எலும்பு வரை அறுக்கும். ஒரு கட்டையில் சுற்றி, ராடைத் தள்ளி வைத்துவிட்டு, நேராகப் பின்னால் நடங்கள்.

ஊளிக்கு எந்த நரம்பும் முழு நம்பிக்கை தராது. அதன் பல் கத்திரிக்கோல். நெய்மீனும் அப்படியே. (சீலா என்று ஓர் ஊரில் ஊளியைச் சொல்வார்கள், அடுத்த ஊரில் நெய்மீனைச் சொல்வார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.) அவை சுற்றும் நாளில் லீடர் நுனியில் ஒரு சாண் எஃகுக் கம்பி சேர்த்துவிடுவது நல்லது. கம்பி போட்டால் பாறை மீன் கொஞ்சம் தயங்கும் என்பதும் உண்மை. எது வருகிறது என்று பார்த்து மாற்றுங்கள்.

மணல் கரையில் ஈயம் கட்டித் தூரமாக வீசுகிறவர்களுக்கு உரசலோடு வீச்சின் வேகமும் சேரும். ஈயம் ஒரு அவுன்ஸுக்கு 10 பவுண்டு லீடர் என்பது பழைய கணக்கு. ஒரு அவுன்ஸ் 28 கிராம். ஆக 112 கிராம் ஈயத்துக்கு 40 பவுண்டு லீடர். இதைக் குறைக்காதீர்கள். வீச்சில் நூல் அறுந்தால் ஈயம் துப்பாக்கிக் குண்டுபோலப் போகும். கரையில் வலை காயப்போடுகிறவர்கள் இருப்பார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள்.

நைலானா, ஃப்ளோரோகார்பனா

கடையில் இந்த இரண்டு வகை லீடரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், விலையில்தான் வேறுபாடு தெரியும். ஃப்ளோரோகார்பன் தண்ணீரைவிட முக்கால் மடங்குக்கு மேல் கூடுதல் அடர்த்தி, அதனால் மூழ்கும். நைலான் தண்ணீரைவிடக் கொஞ்சமே கனம், மெதுவாக இறங்கும். ஒளி வளைகிற அளவில் ஃப்ளோரோகார்பன் தண்ணீருக்கு அருகில் இருப்பதால் தண்ணீருக்குள் குறைவாகத் தெரியும். தண்ணீரை உறிஞ்சாது. விறைப்பானது. நைலான் தண்ணீரில் ஊறினால் கொஞ்சம் பலம் குறையும், ஆனால் மெத்தென்று இருக்கும், முடிச்சு நன்றாகப் படியும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

என் முடிவு இது. தண்ணீர்மேல் தத்திப் போகும் பாப்பர் வகை லூருக்கு நைலான். ஃப்ளோரோகார்பன் மூக்கைக் கீழே இழுத்துவிடும். ஆழத்தில், கல்லுக்குப் பக்கத்தில், தெளிந்த தண்ணீரில் ஃப்ளோரோகார்பன். மற்ற எல்லாவற்றுக்கும் நல்ல நைலானே போதும். ஃப்ளோரோகார்பன் என்று பெயர் போட்டு மலிவாக விற்பதை வாங்கி ஏமாறுவதைவிட, அதே காசுக்குத் தரமான நைலான் வாங்குங்கள்.

டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். என் மேசையில் காயில் கம்பி அளக்கும் மைக்ரோமீட்டர் இருக்கிறது. லீடரை அதில் அளந்துதான் பையில் போடுவேன். ஒரே 40 பவுண்டு என்று எழுதிய இரண்டு லீடரில் ஒன்று 0.50 மில்லிமீட்டரும் மற்றொன்று 0.60 மில்லிமீட்டரும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உரசலுக்குத் தடிமன்தான் பேசும். பிரெய்டை அப்படி அளக்க முடியாது, நசுங்கிவிடும். ஜப்பான் கணக்கில் பி.இ. எண் போட்டிருந்தால் அதைப் பாருங்கள், பி.இ. 1 என்பது 200 டெனியர் நூல் (டெனியர் என்பது நூலின் கனத்துக்கான அளவு). பவுண்டு எண்ணைவிட அது நம்பகமானது.

நீளத்துக்கு நான் கைவசம் வைத்திருக்கும் கணக்கு: ஆற்றில் ஒரு பாகம். கல்லில் இரண்டு பாகம், அந்தப் பெரியவர் சொன்னதுதான். மணலில் ஈய வீச்சுக்கு, வீசத் தயாராக நிற்கும்போது ரீலில் ஐந்தாறு சுற்று லீடர் இருக்க வேண்டும். அப்போதுதான் வீச்சின் பளு முழுக்க லீடரில் விழும்.

எஃப்.ஜி. முடிச்சு: இழுப்பை விடாதீர்கள்

பிரெய்டும் லீடரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பொருள்கள். ஒன்று மெல்லியது, வழுக்குவது, மென்மையானது. மற்றது தடித்தது, விறைத்தது. சாதாரண முடிச்சுப் போட்டால் பிரெய்டு நழுவும், அல்லது லீடரின் மடிப்பில் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். எஃப்.ஜி. முடிச்சில் லீடர் மடங்குவதே இல்லை. அது நேராக நிற்கும். பிரெய்டு அதன்மேல் பின்னலாக ஏறிக் கவ்வும். இழுக்க இழுக்கப் பின்னல் நீண்டு, ஒடுங்கி, லீடரின் சதையில் கடிக்கும். திசையன்விளைப் பக்கம் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரைப் பார்த்திருப்பீர்கள். ஆளின் எடை ஏற ஏற அது மரத்தை இறுக்கிப் பிடிக்கும். இங்கேயும் பிடிமானம் உராய்வில்தான்.

உட்கார்ந்துகொள்ளுங்கள். லீடரின் லூர்ப் பக்கத்தைச் செருப்பு வாரில் நாலு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். மறு நுனியைப் பல்லால் கவ்வி லீடரைக் கம்பியாக விறைக்க வையுங்கள். ராடு பக்கத்தில் கிடக்கட்டும். பிரெய்டில் ஒன்றரை மீட்டர் தளர்வாக இழுத்துவிடுங்கள். பல்லில் இருக்கும் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, லீடருக்குக் கீழே பிரெய்டை குறுக்காக வையுங்கள். ராடுக்குப் போகும் பக்கம் வலது கையில், அறுத்த வால் பக்கம் இடது கையில். வால் இரண்டு சாணுக்குக் குறையக் கூடாது.

இப்போது இரண்டு கையையும் லீடருக்கு மேலே கொண்டுவந்து பிரெய்டைக் குறுக்கிடுங்கள். வலது இழை இடதுக்கும் இடது இழை வலதுக்கும் போகும். கை மாற்றிப் பிடித்து, பக்கவாட்டில் இழுங்கள். அடுத்து லீடருக்குக் கீழே அதேபோலக் குறுக்கிட்டுக் கை மாற்றி இழுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. குறுக்கிடும்போது ஒரு தடவை வால் மேலாக வந்தால் அடுத்த தடவை ராடு இழை மேலாக வரட்டும். உங்கள் வாயை நோக்கி ஒன்றை அடுத்து ஒன்றாகப் பின்னல் ஏறும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பிரித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். மேலே பத்து, கீழே பத்து, மொத்தம் இருபது. மெல்லிய பிரெய்டுக்கு இன்னும் நாலு கூட்டினால் நல்லது.

கட்டத் தொடங்கிய முதல் மாதம் எனக்கு இந்த முடிச்சு உருவிக்கொண்டே போனது. வரிசையெல்லாம் சரியாக இருந்தது. வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்தாள். அம்மா நாற்பது வருடம் பீடி சுற்றியவள். இலையை உருட்டி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவதை அவள் விரல் கண் பார்க்காமலே செய்யும். என் கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எய்யா, நீ கை மாத்தும்போதெல்லாம் நூலு தொய்யுது. சுத்துறது பெருசில்ல, சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல இழுப்ப விட்டுராத" என்றாள். என் கையிலிருந்து வாங்கி, ஒரு இழையை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, அது தொய்யாமலே மற்றதை மாற்றிக் காட்டினாள். பீடி நூலைப் பிடிக்கும் அதே இடுக்கு. பட்டறையில் காயில் சுற்றும்போது கம்பி தொய்ந்தால் சுருள் நிற்காது என்று பையன்களைத் திட்டுகிறவன் நான். இங்கே அதையே கவனிக்கவில்லை. அன்றிலிருந்து என் எஃப்.ஜி. உருவியது இல்லை.

இருபது ஏறியதும் பின்னலின் கடைசியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். வால் நுனியால் லீடரையும் ராடு இழையையும் சேர்த்து ஒரு அரை முடிச்சுப் போடுங்கள். மேல் பக்கமிருந்து ஒன்று, கீழ்ப் பக்கமிருந்து ஒன்று. இனிமேல் பின்னல் பிரியாது, வாயை விடலாம். எச்சிலால் நன்றாக நனையுங்கள். கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு லீடரை ஒரு பக்கமும் ராடு இழையை மறு பக்கமும் நிதானமாக, பலமாக இழுங்கள். இந்த நேரத்தில் முடிச்சைப் பார்க்க வேண்டும். வெளிறிய பச்சையாகப் பொங்கியிருந்த பின்னல் ஒடுங்கி, நிறம் ஒரு படி கறுக்கும். கறுக்காவிட்டால் அது கடிக்கவில்லை என்று அர்த்தம். நகத்தால் பின்னலை நெம்பித் தள்ளிப் பாருங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

கறுத்துவிட்டதென்றால் லீடரும் ராடு இழையும் சேர்த்து இன்னும் நாலு அரை முடிச்சு, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் இறுக்கி. மறுபடி ஒரு பலமான இழுப்பு. பிறகு மீந்த லீடர் நுனியை நகவெட்டியால் ஒட்ட வெட்டுங்கள். சிலர் தீக்குச்சி காட்டிக் குமிழ் செய்வார்கள். சூடு பிரெய்டில் படாமல் இருந்தால் அது நல்லதுதான். கரையில் காற்றடிக்கும்போது அந்த வேலை வேண்டாம். வெட்டிய முனையை மூடியபடி ராடு இழையை மட்டும் சுற்றி இன்னும் ஆறு அரை முடிச்சு. கடைசியாக ஒன்றில் மட்டும் வாலை மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே நுழைத்து இறுக்குங்கள். வாலை மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் மெதுவாக உருவி அவிழும்.

முடிந்ததை ராடு வளையங்களில் விட்டு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால் சரி. டக் டக் என்று தட்டினால் லீடர் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது.

வாட்டர் கேன் சோதனை

முடிச்சு எவ்வளவு தாங்கும் என்று அடுத்தவரிடம் கேட்க வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். 20 லிட்டர் வாட்டர் கேன் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒரு பவுண்டு 454 கிராம். ஆகவே 20 பவுண்டு நூல் 9 கிலோ தாங்க வேண்டும், அதாவது ஒன்பது லிட்டர் தண்ணீர். பிரெய்டு முனையை ஒரு பி.வி.சி. குழாயில் பத்துச் சுற்றுச் சுற்றி நுனியை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். அங்கே முடிச்சுப் போட்டால் சோதனை அந்த முடிச்சுக்கு நடந்துவிடும். லீடர் முனையைக் கேனில் கட்டுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தொங்கவிடாதீர்கள், அடியில் பழைய டயர் ஒன்றைப் போடுங்கள். ஒரு லிட்டர் சொம்பால் ஊற்றிக்கொண்டே போங்கள்.

தொய்வாகப் பின்னிய என் பழைய முடிச்சு ஐந்தாவது லிட்டரிலேயே சத்தமில்லாமல் உருவியது. அம்மா சொன்னபடி கட்டியது ஒன்பதைத் தாண்டி நின்றது; கடைசியில் அறுந்தபோதும் முடிச்சில் அறவில்லை. எங்கே அறுகிறது என்பதைக் கவனியுங்கள். முடிச்சு உருவினால் பின்னலில் குறை. முடிச்சின் வாயிலேயே அறுந்தால் நனைக்காமல் இறுக்கியிருக்கிறீர்கள், அல்லது லீடர் முனை கூராக நின்று குத்தியிருக்கிறது. மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராகையும் இதோடு ஒரு தொங்கு தராசில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். நூல் பலத்தில் நாலில் ஒரு பங்கு போதும். 20 பவுண்டு நூலுக்கு இரண்டேகால் கிலோ.

காற்றில் கட்ட

ஆனி, ஆடியில் பணகுடி, இராதாபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுழலும்போது கரையில் எஃப்.ஜி. கட்டுவது பாடு. பிரெய்டு கையில் நிற்காமல் பறக்கும். அந்த மாதங்களில் லீடரை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போய்விடுவேன். கரையில் அறுந்தால் டபுள் யூனி என்ற முடிச்சைத்தான் கட்டுவேன். இரண்டு நுனியையும் எதிரெதிராக ஒரு சாண் சேர்த்து வையுங்கள். பிரெய்டு நுனியை மடக்கி ஒரு வளையம் விட்டு, இரண்டு இழையையும் சேர்த்து அந்த வளையத்துக்குள்ளே எட்டுச் சுற்று, இழுத்து மூடுங்கள். லீடர் நுனியால் அதேபோல நாலு சுற்று. நனைத்து, இரு பக்க நூலையும் இழுத்தால் இரண்டு முடிச்சும் நகர்ந்துவந்து ஒன்றையொன்று முட்டி நிற்கும். பிறகு நாலு முனையையும் ஒருதரம் இறுக்கி, வாலை வெட்டுங்கள்.

எஃப்.ஜி. அளவுக்குப் பலம் வராது, முடிச்சும் பருமன். அதனால் லீடரைக் குறைத்து, முடிச்சு ராடு நுனி வளையத்துக்கு வெளியே நிற்கும்படி வைத்து வீசுங்கள். இருட்டில், நனைந்த கையோடு, இரண்டு நிமிடத்தில் கட்டலாம். மீன் கூட்டம் கரையில் நிற்கும் நேரத்தில் அந்த இரண்டு நிமிடம் பெரிது. 60 பவுண்டுக்கு மேல் தடித்த லீடருக்கு மட்டும் இதைக் கட்டாதீர்கள், இறுகாது.

லூர்ப் பக்கம் எனக்குச் சாதாரண யூனியே, அதாவது அந்த முடிச்சின் ஒரு பாதியே போதும். மிதக்கும் லூர் இங்கும் அங்கும் ஆட வேண்டுமென்றால் இறுக்காத வளைய முடிச்சுப் போடுங்கள்.

மீன் ஒன்று பிடித்ததும் அடுத்த வீச்சுக்கு முன் லீடரின் கடைசி ஒரு முழத்தை நகத்துக்கும் விரலுக்கும் நடுவே ஓடவிடுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், உதட்டில் வைத்தும் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சிராய்ப்பு உதட்டுக்குத் தெரியும். தெரிந்த இடத்துக்கு மேலே வெட்டி லூரைத் திரும்பக் கட்டுங்கள். நூறு வீச்சுக்கு ஒரு முறை எஃப்.ஜி. பின்னலையும் பாருங்கள். பின்னலுக்கு மேலே பிரெய்டில் பஞ்சு கிளம்பியிருந்தால் அதையும் வெட்டிப் புதிதாகக் கட்டுவதுதான் வழி. வெட்டிய துண்டுகளைக் கல்லிடுக்கில் விடாதீர்கள். என் சட்டைப் பையில் ஒரு பழைய பீடிக்கட்டு உறை எப்போதும் இருக்கும். துண்டு நூலெல்லாம் அதற்குள் போகும், வீட்டுக்கு வந்து குப்பையில் சேரும்.